பத்தொன்பதாவது பலூன்

செல்லூரில் வழி கேட்டால் கையைத்தான் காட்டுவார்கள். வாயால் சொன்னால் காதில் விழாது. சந்துக்கு நாற்பது விசைத்தறி, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும். சங்கிலி மூன்று பேரிடம் விசாரித்து, மூன்று கைகள் காட்டிய மூன்று பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, துப்பறியும் ஹாலாஸ்யம் குடையோடு நின்றிருந்த இடத்துக்கே வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான்.

"நகர்வலம் முடிஞ்சுதா ஓய்?" என்றார் ஹாலாஸ்யம்.

"முடிஞ்சது சார். நீங்க சாஞ்சுக்கிட்டு நிக்கிறீகளே, அதுதான் அவுக வீட்டுச் சுவரு."

ஹாலாஸ்யம் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷம் உதவியாளராக இருந்தவர். தவளைகளை அறுத்து அலுத்துப்போய், மனுஷர்களை அறுக்காமலே உள்ளே பார்க்கலாம் என்று மேலமாசி வீதி மாடியறை ஒன்றில் துப்பறியும் நிலையம் திறந்தவர். அவருக்கு உதவியாளனாக வாய்த்த சங்கிலி, முன்பு பஸ் கண்டக்டர். பயணிகளோடு பேசிக்கொண்டே நிறுத்தங்களைத் தாண்டிவிடுகிறான் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். அவன் மறுத்துப் பேசவில்லை. மறுக்க வேண்டிய நேரத்தில் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தான்.

இன்று காலைதான் இந்த வழக்கு வந்தது. கொண்டுவந்தவள் ரெங்கம்மாள், நாகமலை புதுக்கோட்டையில் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் தம்பி சோலை இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். ஒரு கடுதாசி கிடையாது. ஆனால் பதினெட்டு மாசமாக, ஒவ்வொரு அமாவாசை விடியும்போதும், செல்லூர் வீட்டு வாசல் தாழ்ப்பாளில் ஒரு பச்சைப் பலூன் கட்டியிருக்கிறது. இன்றைக்குப் பத்தொன்பதாவது.

சோலைக்குப் பலூன்தான் பிழைப்பு. தெப்பக்குளத்துக் கரையில் நின்று ஒரே மூச்சில் ஒரு பலூன் ஊதுவான். சடுகுடுவில் இறங்கினால் அவன் பாட்டு நிற்பதற்குள் எதிர்க்கட்சியில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். ஆகவே அவன் அம்மா சுந்தரம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. கோபம் தீராத பிள்ளை, முகத்தைக் காட்டாமல் மூச்சை மட்டும் அனுப்பிவைக்கிறான்.

அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சுந்தரம்மாள் இருபது வருஷம் கழிவுப் பஞ்சு பிரித்தவள். நுரையீரலில் பாதி பஞ்சுத் தூசி. இந்தத் தூசியை விட்டு வெளியேறாவிட்டால் அடுத்த பொங்கல் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாகமலை அடிவாரத்தில், மகள் வீட்டில், காற்றோட்டமாக ஓர் அறை தயாராக இருக்கிறது. அம்மா நகர மாட்டேன் என்கிறாள். "நான் போயிட்டா எம்பிள்ள எந்த வாசல்ல கட்டுவான்?"

"தம்பியக் கண்டுபிடிங்க சார்," என்று ரெங்கம்மாள் சொல்லியிருந்தாள். "வந்து, அம்மா நீ அக்கா வீட்டுக்குப் போன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எங்க அம்மா பொழச்சுக்கும்."

ரெங்கம்மாள் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். வீட்டுக்குள் சுந்தரம்மாள் சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இறைத்துக்கொண்டிருந்தாள். மடியில் பச்சைப் பலூன், பாதி இளைத்துப்போய்.

"காத்து இறங்கிருச்சே ஆத்தா," என்றான் சங்கிலி.

"இறங்கல தம்பி. காலையில பாதி நான் உறிஞ்சிட்டேன். மீதிய சாயங்காலத்துக்கு வச்சிருக்கேன்."

சங்கிலிக்கு வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. கிழவியின் உதட்டைப் பார்த்ததும் அதை விழுங்கினான். உதட்டில் மாவு தடவியது போல வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பிள்ளையின் மூச்சைக் குடித்த வாயை அவள் துடைக்கவில்லை.

ஹாலாஸ்யம் குனிந்து கேட்டார். "அதை உள்ளே இழுக்கறச்சே மூச்சு முட்டறதா? இளைக்கறதா?"

"இல்லங்கய்யா. மாசத்துல அன்னைக்கு ஒரு நாள்தேன் நெஞ்சு லேசா இருக்கு."

ஹாலாஸ்யத்தின் புருவம் மேலே போயிற்று. அது மேலே போனால் யாருக்கோ கெட்ட காலம் என்று சங்கிலிக்குத் தெரியும். பெரும்பாலும் சங்கிலிக்கு.

"இந்த மீதிக் காத்தை எனக்குக் கொஞ்சம் கடனாத் தரணும். உங்க பிள்ளையைத் தேடறதுக்கு வேணும்."

சுந்தரம்மாள் மகளைப் பார்த்தாள். பலூனைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். "வீணாக்கிறாதீகய்யா. அடுத்தது வர ஒரு மாசமாகும்."

தெருவுக்கு வந்ததும் சங்கிலி வாசல் தாழ்ப்பாளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பலூன் நூலைக் காட்டினான். "சார், வழக்கு முடிஞ்சது. முடிச்சப் பாருங்க. இது தறிக்காரன் முடிச்சு. அந்து போன இழையை ஒத்தக் கையால சேக்குற முடிச்சு. வீட்டுல ஒரு தறிக்காரர் இருக்காரு."

"செல்லூர்ல நாலாயிரம் தறிக்காரா இருக்காளே."

"மத்தவுக பேரெல்லாம் எனக்குத் தெரியாது சார். இவரு பேரு தெரியும். விருமாண்டி."

"சண்டை போட்டுப் பிள்ளையைத் துரத்தின அப்பா. அவர் எதுக்குப் பலூன் கட்டறார்?"

"அதை நீங்க கண்டுபிடிங்க. எல்லாத்தையும் நானே செஞ்சா நல்லாருக்காது."

விருமாண்டி அடுத்த சந்தில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்த்தார். தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு படிந்து, வெயிலிலேயே பனி பெய்த ஆள் போல நின்றார். தறியை நிறுத்தி, நூல் தீர்ந்துபோன தாரை எடுத்துவிட்டு, நூல் சுற்றிய புதுத் தாரை, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைத்தார். நூல் முனையை நாடாவின் ஓரத்துத் துளைக்குள் விட்டு, வாயை வைத்து ஓர் உறிஞ்சு. நூல் வெளியே வந்தது. நூலோடு வந்த தூசி உள்ளே போயிற்று. அவர் இருமி முடிக்கும்வரை தறி காத்திருந்தது.

"எத்தனை வருஷமாண்ணே இப்படி உறிஞ்சுறீக?" என்றான் சங்கிலி.

"முப்பது இருக்கும். எல்லாரும் இப்படித்தேன். ஊசி வச்சுக் கோக்க. நேரம் எங்க இருக்கு?"

இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்தார். ஹாலாஸ்யம் அவரை வெளியே அழைத்து வந்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்து அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "அணையுங்கோ."

விருமாண்டி ஊதினார். சுடர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்துகொண்டது. மறுபடி ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் கலங்கியது. சுடர் ஹாலாஸ்யத்தின் விரலைச் சுட்டு, தானாக அணைந்தது.

"வேணும்னே அணைக்கலையோன்னு..." என்று சங்கிலி இழுத்தான்.

"கழுத்து நரம்பு நடிக்காது ஓய். இவரால பலூன் ஊத முடியாது. உம்ம ஒரே குற்றவாளி விடுதலை."

ரெங்கம்மாளையும் அழைத்துக்கொண்டு சந்து முனை டீக்கடையில் உட்கார்ந்ததும் ஹாலாஸ்யம் கடை வெற்றிலைக் கூடையிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பு வழித்து, ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து வைத்தார். அது தெளியும்வரை பேசாமல் இருந்தாரென்றால் அவர் ஹாலாஸ்யம் இல்லை.

"நுரையீரல்ங்கறது ஒரு கடற்பஞ்சு மாதிரி. உள்ளே கோடிக்கணக்கா குட்டிக் குட்டிக் காற்றறை. எல்லாத்தையும் பிரிச்சு விரிச்சா சடுகுடுக் களத்துல பாதியை மூடிடும்."

"எம்புட்டு?" சங்கிலி தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். "இதுக்குள்ளயா? நான் வாடகைக்கு இடம் தேடி அலையுறேனே சார்."

"அந்த அறைச் சுவர்ல ரத்தம் ஓடறது. காத்துல இருக்கற பிராணவாயுவை ரத்தம் எடுத்துக்கும். உடம்புல சேர்ந்த கரியமில வாயுவை வெளியே தள்ளும். அந்தம்மாவுக்குச் சுவரெல்லாம் தூசி. கணவருக்கோ காத்து வர குழாயே சுருங்கிப்போச்சு. உள்ளே போன காத்து வெளியே வர வழியில்லாம தவிக்கறது."

ரெங்கம்மாள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "தம்பி அதத்தான் சார் சொன்னான். என் பொழப்பே மூச்சுலதான் இருக்கு, தறியில ஒக்காந்தா அது போயிரும்னு. அப்பா அறைஞ்சிட்டாரு. அன்னைக்குப் போனவன்தான்."

தம்ளரில் சுண்ணாம்பு அடியில் தங்கி, மேலே தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. ஹாலாஸ்யம் அதை இரண்டு தம்ளர்களில் மெதுவாக இறுத்தார். கடைக்குப் பின்னால் நின்ற பப்பாளி மரத்திலிருந்து ஓர் இலைக்காம்பை ஒடித்து வரச் சொன்னார். குழாய் தயார்.

"ஊதும், சங்கிலி. மெள்ள. குமிழி வரணும்."

சங்கிலி முதல் தம்ளரில் ஊதினான். பத்துக் குமிழிக்குள் தண்ணீர் மங்கியது. இருபதில் பாலாகிவிட்டது.

"சார், எனக்கு ஏதோ வியாதி."

"வியாதி இல்லை. அது உம்ம மூச்சுல இருக்கற கரியமில வாயு. நாம உள்ளே இழுக்கற காத்துல அது இருக்கறதே தெரியாது. வெளியே விடறதுல நூத்துக்கு நாலு பங்கு. யார் ஊதினாலும் சுண்ணாம்புத் தண்ணி பாலாகும். இப்போ இதைப் பாரும்."

பலூன் வாயைக் காம்பில் மாட்டி, காம்பை இரண்டாவது தம்ளரில் முக்கி, முடிச்சைத் தளர்த்தினார். குமிழிகள் வந்தன. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பலூன் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசிக் குமிழியும் வெடித்தது.

தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அடியில் கிடந்த ஒரு டீத்தூள்கூடத் தெரிந்தது.

"அப்ப இது..." ரெங்கம்மாள் நிறுத்திக்கொண்டாள்.

"யாரோட மூச்சும் இல்லைம்மா. வெறும் காத்து. எனக்கு வீட்டிலேயே உறுத்தித்து. நிஜமா ஒருத்தர் விட்ட மூச்சை உங்கம்மா இழுத்திருந்தா அவாளுக்கு இன்னும் இளைச்சிருக்கணும். நெஞ்சு லேசா இருக்காம். அப்புறம் அந்த உதட்டுத் தூள். பலூன் ஒட்டிக்காம இருக்க உள்ளே தூள் போட்டிருப்பா. வாயால ஊதினா மூச்சு ஈரத்துல அது களியாயிடும். இது உலர்ந்து மாவாக் கொட்டறது."

"அப்ப பம்பு," என்றான் சங்கிலி. "சைக்கிள் பம்பு."

"பம்புதான். ஊதத் தெரிஞ்சவனுக்குப் பம்பு எதுக்கு?"

சங்கிலி எழுந்து நின்றுவிட்டான். கொட்டகை வாசலில் ஒரு சைக்கிள் நின்றதும், அதன் சட்டத்தில் பம்பு செருகியிருந்ததும் இப்போதுதான் கண்ணுக்கு வந்தது. பார்க்கும்போது பேசிக்கொண்டிருந்திருப்பான். தீக்குச்சி விடுதலை செய்த ஆளைச் சுண்ணாம்பு பிடித்துக் கொடுத்துவிட்டது. தான் முதலிலேயே சொன்னது பலித்ததற்கு அவன் வழக்கமாக ஒரு வாரம் பீற்றிக்கொள்வான். அதற்கு வாய் திறந்தான். ஹாலாஸ்யத்தின் முகம் வேறு மாதிரி இருந்தது.

"ரெங்கம்மா, நான் ஒண்ணு கேட்கறேன். ஊருக்குத் தெரியாம சேதி அனுப்பறவன் பௌர்ணமியில அனுப்பலாம். சம்பள நாள்ல அனுப்பலாம். உங்க ஜனங்க வீட்டில அமாவாசையில என்ன செய்வா?"

"காக்காய்க்குச் சோறு..." என்றாள் ரெங்கம்மாள்.

அமாவாசையில் யாருக்காகக் காக்காய்க்குச் சோறு வைப்பார்கள் என்பதை மதுரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டீக்கிளாஸை மட்டும் சத்தமில்லாமல் பெஞ்சில் வைத்தாள்.

விருமாண்டி மறுக்கவில்லை. சுருங்கிப்போன பலூன் சங்கிலியின் கையில் இருந்ததைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார், தறியை நிறுத்திவிட்டுப் பாவுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில. அவன் கூட்டாளி ஒருத்தன் வந்தான். ஷோலாப்பூருல பொருட்காட்சியாம். மழையில நனைஞ்சிருக்கான். நெஞ்சுல சளி கட்டி. மூணு நாளு. அங்கனயே எரிச்சிட்டாகளாம்." ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே மூச்சு எடுத்தார். "பைய மட்டும் கொண்டாந்தான். ரெண்டு சட்டை. ஒரு பாக்கெட்டு பலூன்."

"அம்மாகிட்ட ஏம்ப்பா சொல்லல?" ரெங்கம்மாள் கேட்டது அவள் குரல் போலவே இல்லை.

"சொல்லத்தேன் வந்தேன். அவ இழுத்துக்கிட்டுக் கெடந்தா. டாக்டரு அதிர்ச்சி ஆகாதுன்னாரு. சரி, நாளைக்குன்னு விட்டேன். அமாவாச வந்துருச்சு. பிள்ளைக்குச் சோறு வைக்கணும். வச்சா யாருக்குன்னு கேப்பா." முகத்தைத் துண்டால் துடைத்தார். பஞ்சும் கண்ணீரும் சேர்ந்து திரிதிரியாக வந்தது. "அவன் பொருள்ல ஒண்ண அவன் வாசல்ல வைப்போம்னு. ஊதிப் பாத்தேன். முடியல. அதான் பம்ப வச்சு... அவ அதப் பாத்துட்டு, எம்பிள்ள மூச்சுன்னு மாருல அணைச்சுக்கிட்டா. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

சங்கிலிக்கு ஆயிரம் நகைச்சுவை தெரியும். மூக்கை உறிஞ்சிவிட்டு, பஞ்சுத் தூசி என்றான். யாரும் கேட்கவில்லை.

"சார்," என்றான் சங்கிலி. "ஒரு யோசனை. அடுத்த அமாவாசைக்கு ரெங்கம்மா வீட்டு வாசல்ல கட்டிருவோம். பிள்ள அங்க வரச் சொல்றான்னு ஆத்தா நாகமலைக்கு ஓடி வந்துரும். நான் வாயாலயே ஊதுறேன். சுண்ணாம்பு வச்சுப் பாத்தாலும் மாட்டிக்க மாட்டோம்."

அந்த யோசனை நல்லதாகக்கூட இருந்திருக்கலாம். விருமாண்டிதான் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"பாக்கெட்டு தீந்துபோச்சு தம்பி. அதான் கடைசி."

"கடையில பச்சைப் பலூன் இல்லாமலா போயிரும்?"

"அது அவன் பைக்குள்ள இருந்தது இல்லையே."

ரெங்கம்மாள் அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்கப்பா. சொல்லிருவோம்."

அவர்கள் வீட்டு வாசலை மிதித்தபோது மின்சாரம் போயிற்று. நாற்பது தறியும் ஒரே அடியில் நின்றன. செல்லூரில் அப்படி ஓர் அமைதி வந்தால் எல்லோரும் தெருவுக்கு வந்து மின்வாரியத்தைத் திட்டுவார்கள். சங்கிலிக்கு அந்த நேரத்தில் யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. சுந்தரம்மாளின் மூச்சு இழுக்கும் சத்தமும் விருமாண்டியின் மூச்சு இழுக்கும் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன.

விருமாண்டி மனைவிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரெங்கம்மாள் அம்மாவுக்குப் பின்னால் போய் முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

"இந்தா... நம்ம பய..." என்றார். மூச்சு நின்றது. "நம்ம பய சோலை..." மறுபடி நின்றது.

சுந்தரம்மாள் கணவனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

"மெதுவா. மூச்ச விட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் மூச்சை விட்டுவிட்டுச் சொன்னார். நாலே வார்த்தை. அந்த நாலுக்கும் மூன்று தடவை மூச்சு வாங்கினார். அவள் கை அவர் நெஞ்சை விட்டு எடுபடவே இல்லை. பிறகு அவள் வாயைத் திறந்தாள். அழுகை வரவில்லை. ஊளையிட்டு அழுவதற்கு ஒரு நெஞ்சு நிறையக் காற்று வேண்டும். அவளிடம் அது இல்லை. தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. சங்கிலி வாசற்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹாலாஸ்யம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

தோள் அடங்கியதும் அவள் குரல் வந்தது.

"மூணு நாளும் பக்கத்துல யாரும் இருந்தாகளா?"

"கூட்டாளிப் பய இருந்திருக்கான்."

"தண்ணி குடுத்தானா?"

"குடுத்தேன்னான்."

அவள் தலையாட்டினாள். உதட்டில் இருந்த வெள்ளைத் தூளை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு சுவரைப் பிடித்து, மகள் கையைத் தட்டிவிட்டு, தானே எழுந்தாள். இரண்டு எட்டு வைத்து நின்றாள். மூச்சு வாங்கினாள். இன்னும் இரண்டு எட்டு. அடுப்படியில் அரிசிப் பானையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, இப்ப எதுக்கும்மா? ஒக்காரு," என்று ரெங்கம்மாள் ஓடினாள்.

"உச்சிப்பொழுது தாண்டலயே?"

"இல்லம்மா."

"வடிச்சு வச்சிட்டு வாரேன். அப்புறமா வண்டியக் கூப்புடு, ஒன் வீட்டுக்குப் போவோம். இனி இந்த வாசல்ல எனக்கு என்ன வேல." அரிசியை முறத்தில் கொட்டினாள். "பதினெட்டு அமாவாச போயிருச்சுடி. எம்பிள்ள ஒரு வாய் சோறு திங்கல."

சங்கிலி யாரும் கேட்காமலே ஒரு வாழையிலை வாங்கி வரப் போனான்.